கண்மாய்க் கரைக்கு எந்த ஃபோர்க்? இரண்டு மின் மௌண்டன் பைக்குகளின் சஸ்பென்ஷன் மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கானாடுகாத்தானை ஒட்டிய ஒரு ஊரில் பழைய நகரத்தார் வீடு ஒன்றைப் புதுப்பித்து விருந்தினர் விடுதியாக நடத்துகிறார்கள். முகப்பும் வளவும் ஆத்தங்குடிக் கல் தளமும் பார்த்து முடித்தவர்களை மறுநாள் காலை சைக்கிளில் ஊர்ப்புறம் அழைத்துப்போவது விடுதியின் வழக்கம். அதற்காக ஒரே மாடலில் இரண்டு மின் மௌண்டன் பைக்குகள் வாங்கியிருந்தார்கள். வண்டி ஒன்று 72,000 ரூபாய்.

இரண்டும் அலுமினிய ஃபிரேம், 27.5 அங்குலச் சக்கரம், பின் ஹப்பில் 250 வாட் மோட்டார். சஸ்பென்ஷன் முன்பக்கம் மட்டும்தான், முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில்: 100 மி.மீ. டிராவல் (அது அமுங்கக்கூடிய தூரம்), உள்ளே கம்பிச் சுருள் ஸ்பிரிங், மேல்குழாய் 30 மி.மீ. தடிமன். முன் ஆக்சில் சாதாரண குவிக் ரிலீஸ், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. தட்டு. பேட்டரியோடு சேர்த்து எடை 23.4 கிலோ. மோட்டார் இல்லாத மௌண்டன் பைக் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோவுக்குள் நிற்கும் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓட்டுகிறவர் தினமும் மாறுகிறார். ஒரு நாள் 54 கிலோ மாணவி, மறுநாள் 94 கிலோ வெளிநாட்டுப் பயணி. ஒருவரே ஓட்டும் வண்டிக்குச் சொல்லும் ஆலோசனை பாதிக்கு மேல் இங்கே எடுபடவில்லை. அதற்குக் காரணம் இதுதான்.

தடம்

சுற்று மொத்தம் 24 கி.மீ. அதில் 7 கி.மீ. தார், 9 கி.மீ. செம்மண் சரளை, 4 கி.மீ. கண்மாய்க் கரை, 3 கி.மீ. தைலமரக் காடு, மீதி 1 கி.மீ. மொட்டைப் பாறை. மலை இறக்கம் என்று எதுவும் இல்லை. குன்றக்குடி, திருமயம், பிரான்மலை போல ஆங்காங்கே பாறை எழும்பி நிற்கும் நாடுதான், ஆனால் சைக்கிள் ஓடும் தடம் சமவெளி. பாய்ந்து இறங்கும் இடமென்றால் கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்குப் படியும் மடைக்கட்டையும்தான். அதிகபட்சம் முழங்கால் உயரம்.

தொல்லை சரளைச் சாலையில்தான். டிராக்டரும் டிப்பரும் ஓடி ஓடி, மாட்டின் விலாவைப்போல் குறுக்கே வரிவரியாகப் புடைத்துக் கிடக்கிறது. நாடாவை வைத்து அளந்தபோது வரிக்கு வரி ஏறத்தாழ 60 செ.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரத்தில் நொடிக்கு ஒன்பது முறை அடி விழும். ஒவ்வொரு அடியும் சிறியது, 3 முதல் 5 செ.மீ. உயரம். இந்த இரண்டு எண்களும் பின்னால் எடுத்த முடிவுகளையெல்லாம் தீர்மானித்தன. இங்கே தேவைப்பட்டது நீண்ட டிராவல் அல்ல. சின்ன அடிக்கும் அசைந்து கொடுத்து, அடுத்த அடி வருவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் ஃபோர்க்.

புகார்கள்

மார்கழி, தை மாதக் கூட்டம் முடிந்ததும் விடுதிப் பொறுப்பாளர் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். மெலிந்த விருந்தினர்கள் கை மரத்துப்போவதாகவும் மணிக்கட்டு வலிப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். கனத்தவர்களுக்குக் கலுங்கில் இறங்கும்போது முன்னால் ‘டங்’ என்று இடித்தது. அந்தப் பருவத்தில் மட்டும் பின் சக்கரத்தில் நான்கு ஸ்போக் அறுந்தது, இரண்டு முறை டியூபை ரிம் கடித்தது. மூன்று சிக்கலுக்கும் ஃபோர்க் ஒன்றுதான் காரணம் என்று விடுதியில் நம்பினார்கள்.

வீட்டுக்கார ஆச்சி கேட்டது நேரான கேள்வி: “பின்னாடியும் ஸ்பிரிங் வச்ச வண்டியா மாத்திப்புடுவமா, இல்ல முன்னாடி பெரிசாப் போட்டாப் போதுமா?”

அளந்து பார்த்தது

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அளப்பதற்கே போனது. காரைக்குடியில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கும் விடுதியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரும் சேர்ந்து செய்தார்கள்.

ஃபோர்க்கின் மேல்குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதைக் கீழ்க்குழாயின் வாயிலுள்ள சீல்வரை தள்ளிவிட்டார்கள். வண்டி ஓடும்போது ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அந்த உயரத்தில் வளையம் நின்றுவிடும். 58 கிலோ ஆள் சுற்று முழுவதும் ஓட்டிவிட்டு வந்தபோது வளையம் காட்டியது 46 மி.மீ. அதாவது 100 மி.மீ. டிராவலில் பாதிகூட வேலை செய்யவில்லை. 92 கிலோ ஆளுக்கு முழு 100-ம் தீர்ந்து அடி தட்டியிருந்தது.

ஒரே ஸ்பிரிங் ஒருவருக்குக் கல், இன்னொருவருக்குப் பஞ்சு. ஃபோர்க் தலையில் உள்ள பிரிலோடு குமிழைத் திருகினால் சரியாகிவிடும் என்று இளைஞர் நினைத்திருந்தார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் குமிழ் ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைக்கும். ஆள் ஏறும்போது ஃபோர்க் இறங்கும் அளவு குறையும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது, அடி தட்டுவதும் பெரிதாகக் குறையாது.

அடுத்து ஃபோர்க்கைப் பிரித்தார்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து, செம்மண் தூசியோடு குழைந்து பசையாகியிருந்தது. துடைத்துப் புதுக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மூடியதுமே 58 கிலோ ஆளுக்கு வளையம் 57 மி.மீ. காட்டியது. உராய்வு குறைந்ததில் கிடைத்த லாபம் இது, செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை. உராய்வு மிகுந்த ஃபோர்க் சின்ன அடிக்கு அசையவே அசையாது. அந்த நேரத்தில் அது வெறும் கம்பி. கை மரத்ததற்குப் பாதிக் காரணம் ஸ்பிரிங், மறுபாதி காய்ந்த கிரீஸ்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த ஃபோர்க்கில் ரீபவுண்ட் டேம்பிங் கிடையாது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்பும் வேகத்தை அடக்க உள்ளே எண்ணெய்த் தடை எதுவும் இல்லை. கனத்தவர் கலுங்கில் இறங்கியதும் ஹேண்டில்பார் மேலே உதைத்தது அதனால்தான்.

கடைசியாக எடை. முன் சக்கரம் டயரோடு 2.7 கிலோ, பின் சக்கரம் மோட்டாரோடு 6.3 கிலோ. சஸ்பென்ஷன் இல்லாத பின்பக்கத்தில் அந்த 6.3 கிலோவையும் மேடு பள்ளத்திலிருந்து காப்பது டயருக்குள் இருக்கும் காற்று ஒன்றுதான். அந்தக் காற்றோ 2.1 அங்குல ஒல்லி டயரில், பெட்ரோல் பங்க்கில் அடித்த 45 பிஎஸ்ஐ. ஸ்போக் அறுவதற்கும் ஃபோர்க்குக்கும் தொடர்பே இல்லை. ரிம் கடித்த கதை வேறு: விருந்தினர் கேட்டதற்காக யாரோ காற்றை 25-க்கு இறக்கி ஓட்டிய நாட்களில் அது நடந்திருந்தது. ஒல்லி டயரில் காற்றை இறக்கினால் ரிம் கடிக்கும், ஏற்றினால் ஸ்போக் அறும். இடைப்பட்ட நல்ல அளவு என்று ஒன்று அந்த டயரில் இல்லை.

தள்ளிவைத்த இரண்டு யோசனைகள்

பின்னால் ஷாக் வைத்த வண்டி முதலில் கழிந்தது. மோட்டார் பெடல் அச்சில் இருக்கும் நல்ல முழு சஸ்பென்ஷன் மின் வண்டிகள் பல லட்சம் ஆகும். அது ஒரு தடை. இன்னொரு தடை பராமரிப்பு: பின் ஷாக்கின் டேம்பரைத் திறந்து சரிசெய்யச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டும், இணைப்பு பேரிங்குகளும் செம்மண்ணில் சீக்கிரம் போகும். விலை குறைந்த முழு சஸ்பென்ஷன் வண்டிகளில் ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது, டேம்பிங் இல்லை. அதிலும் மோட்டார் பின் ஹப்பிலேயே இருந்தால், ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடைக்குள் மோட்டார் வராது. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் மேலும் கீழும் குதிக்கும். வண்டி குதிரையாகிவிடும்.

முழு சஸ்பென்ஷன் வண்டி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஷாக் மாற்றும்போது ஒரு கணக்கை மறக்கக்கூடாது. பின் சக்கரத்தின் டிராவலை ஷாக்கின் நகர்வு நீளத்தால் வகுத்தால் நெம்புவிகிதம் கிடைக்கும். சக்கரம் 140 மி.மீ., ஷாக் 55 மி.மீ. என்றால் 2.55. இரு கண்களுக்கு இடையிலான நீளமும் நகர்வு நீளமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். நகர்வு 5 மி.மீ. கூடினாலே டயர் ஃபிரேமைத் தொடும் வண்டிகள் உண்டு.

இரண்டாவது யோசனை 140 மி.மீ. ஃபோர்க். அதைத் தடுத்தது ஃபிரேம். கையேட்டில் ஆக்சிலிலிருந்து ஃபோர்க்கின் கிரீடம் (இரு கால்களும் சேரும் மேல்பகுதி) வரை உயரம் 510 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. பழைய ஃபோர்க் 488. இந்த அளவுச் சக்கரத்துக்கு 140 மி.மீ. ஃபோர்க் 530-ஐ ஒட்டி வரும். ஏறத்தாழ 40 மி.மீ. தூக்கினால் ஹேண்டில் கோணம் கிட்டத்தட்ட 2 பாகை சாயும், பெடல் அச்சு 14 மி.மீ. மேலே போகும், சீட் பின்னுக்குச் சரியும். இறக்கமே இல்லாத ஊரில் இறக்கத்துக்கான வடிவம் எதற்கு? மெதுவாகப் போகும்போது முன் சக்கரம் அலைபாயும், அவ்வளவுதான் மிஞ்சும். ஃபிரேமின் முன்னால் ஃபோர்க் நுழையும் தலைக்குழாயின் வெல்டில் ஏறும் நெம்புவிசையும் கூடுகிறது, உத்தரவாதமும் போகிறது.

எடுத்த முடிவு

இரண்டு வண்டியையும் ஒரே மாதிரி மாற்றாமல், ஒன்றை ஒப்பிட வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். முதல் வண்டிக்குப் புது ஏர் ஃபோர்க். இரண்டாம் வண்டிக்குப் பழைய ஃபோர்க்கிலேயே அதே தயாரிப்பாளரின் மெல்லிய ஸ்பிரிங். அதை 65 கிலோவுக்குள் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பது. இரண்டுக்கும் 2.4 அங்குல டயர், ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட்.

ஏர் ஃபோர்க்கைத் தேர்ந்ததற்கு எடை குறையும் என்பது காரணமல்ல. அரை கிலோ குறைந்ததென்னவோ உண்மை, ஆனால் 23 கிலோ வண்டியில் அது தெரியாது. ஸ்பிரிங்காகக் காற்று இருந்தால் ஆளுக்கு ஆள் இரண்டு நிமிடத்தில் விறைப்பை மாற்றலாம். விடுதி வண்டிக்கு வேறு வழியில்லை. ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டியானால், சரியான சுருள் ஸ்பிரிங்கும் ரீபவுண்ட் டேம்பிங்கும் உள்ள ஃபோர்க்கைப் பரிந்துரைக்கத் தயக்கம் இருந்திருக்காது.

அடுத்த கேள்வி எது பொருந்தும் என்பது. இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பழைய ஃபோர்க்கின் ஸ்டியரர் (தலைக்குழாய்க்குள் ஏறும் தண்டு) மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனான, ஒன்றே அரைக்கால் அங்குல (28.6 மி.மீ.) நேர் குழாய். இன்று கிடைக்கும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அடியில் ஒன்றரை அங்குலமாக விரியும் கூம்புக் குழாய். பேரிங் உட்காரும் ஹெட்செட் கப்பைக் கழற்றித் தலைக்குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தார்கள்: 44 மி.மீ. நல்ல காலம். 34 மி.மீ. வந்திருந்தால் கூம்புக் குழாய்க்கு வழியே இல்லை. 44 என்றால் கீழே வெளிப்புறக் கப் ஒன்றைப் போட்டு ஏற்றலாம். அந்தக் கப் தன் பங்குக்கு 12 மி.மீ. உயரத்தைக் கூட்டும்.

கணக்கு அங்கேயே முடிந்தது. 120 மி.மீ. ஃபோர்க் 514, கப் 12, ஆக 526. கையேட்டின் வரம்பைத் தாண்டுகிறது. 100 மி.மீ. ஃபோர்க் 494, கப் 12, ஆக 506. உள்ளே நிற்கிறது. ஹேண்டில் கோணம் ஒரு பாகைக்குள் சாயும், பெடல் 6 மி.மீ. உயரும். ஆகப் பழைய டிராவலேதான், கூடுதலாக ஒரு மி.மீ. கூட இல்லை. ஆச்சிக்கு இதை ஏற்பது கடினமாக இருந்தது. இத்தனை செலவழித்தும் அதே நூறா என்று கேட்டார்.

வாங்கிய ஃபோர்க்கின் மேல்குழாய் 34 மி.மீ. கனமான வண்டி பிரேக் பிடிக்கும்போது 30 மி.மீ. குழாய் பின்னுக்கு வளைவது கண்ணுக்கே தெரிந்தது. வளையும் குழாய், கீழ்க்குழாயின் உள்வளையமான புஷ்ஷில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் சஸ்பென்ஷன் வேலை செய்யாது. தடிமன் தேவைப்பட்டது அதற்காக. புது ஃபோர்க்கின் ஆக்சில் 15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகலம். பழைய முன் சக்கரம் அதில் ஏறாது. புது ஹப்பில் 32 ஸ்போக் கோத்து, 25 மி.மீ. உள்ளகல ரிம்மில் சக்கரம் கட்டினார்கள். பிரேக் தட்டும் 180 ஆனது.

பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. மின் வண்டிகள் பலவற்றின் பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். லீவரை மாற்ற நினைப்பவர்கள் அந்த சுவிட்ச்சும் புது லீவரில் உண்டா என்று பார்க்க வேண்டும். இங்கே பழைய லீவரையே வைத்துக்கொண்டதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

முதல் வண்டியில் ஃபோர்க், கப், முன் சக்கரம், தட்டு எல்லாமாக 38,500 ரூபாய். டயரும் சீட் போஸ்ட்டும் 7,800. இரண்டாம் வண்டிக்கு மொத்தமே 9,600.

பொருத்தியது

ஃபோர்க் வந்தது, கீழ்க் கப்பும், ஃபோர்க்கில் அதன் பேரிங் அமரும் வளையமான கிரவுன் ரேஸும் வரவில்லை. பழைய ரேஸ் புதுக் கூம்பில் பொருந்தாது. ஒன்பது நாள் காத்திருப்பு. ஃபோர்க்கையும் கப்பையும் ஒரே நாளில் ஆர்டர் செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும் நாட்கள்.

காத்திருந்த நேரத்தில் ஸ்டியரரை வெட்டிவிடலாம் என்று மெக்கானிக் ஃபோர்க்கை நுழைத்துக் கோடு போட்டுவிட்டார். ரம்பத்தை எடுக்கும்போது இளைஞர்தான் நிறுத்தினார்.

“அண்ணே, கீழ்க் கப்பு மாட்டாம அளந்திருக்கோம். கப்பு வந்தா ஃபோர்க் கீழ இறங்கிரும்ல?”

“ஆமா தம்பி. பன்னண்டு மில்லி போயிருக்கும்.”

12 மி.மீ. குறைந்த ஸ்டியரரில், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் முழுப் பிடிப்பில் உட்காராது. ஒட்டுப்போட முடியாத குழாய் அது. கப், பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்த பிறகே வெட்டுக்கோடு. அதிலும் ஸ்டெம்முக்கு மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசரை விட்டு வெட்டினார்கள். ஸ்டெம் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார்கள். மேல்மூடிப் போல்ட் பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டும்தான், அதை முறுக்கி ஸ்டெம்மைப் பிடிக்க வைக்க முடியாது.

டயரில் கவனிக்க வேண்டியிருந்தது இடைவெளி. 2.4 டயர் பழைய பின் ரிம்மில் 58 மி.மீ. அகலம் வந்தது. பின் ஃபிரேம் குழாய்க்கு இருபுறமும் 7 மி.மீ. மிச்சம். இதற்குக் கீழே போனால், சக்கரம் கொஞ்சம் கோணினாலும் மண் ஒட்டினாலும் உரசும். பழைய ரிம் டியூப்லெஸ்ஸுக்கானது அல்ல என்பதால் பின்னால் டியூப்தான், அதற்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம். சீமைக் கருவேல முள் இல்லாத கண்மாய்க் கரை எங்கே இருக்கிறது? முன் சக்கரம் டியூப்லெஸ், 100 மி.லி. சீலன்ட். இந்த வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. 75 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 30 பிஎஸ்ஐ. 90-க்கு மேலானவர்களுக்குப் பின்னால் 34.

முதல் மூன்று வாரம்: தவறியவை

ஆள் ஏறி நின்றதும் ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்ற அளவைச் சவாரிக்காரர்கள் ‘சேக்’ என்பார்கள். மௌண்டன் பைக் முன் ஃபோர்க்குக்கு டிராவலில் 20 முதல் 25 சதவீதம் நல்ல தொடக்கம், இங்கே 20 முதல் 25 மி.மீ. அளக்கும் முறை: ஹெல்மெட், பை, தண்ணீர் பாட்டிலோடு சுவரைத் தொட்டபடி பெடலில் எழுந்து நின்று, வளையத்தைச் சீலுக்குத் தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும். விருந்தினர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தேதான் ஓட்டுகிறார்கள், எனவே இரண்டையும் அளந்தார்கள்: நின்றால் 24, உட்கார்ந்தால் 16 வரும்படி வைத்ததும் ஒத்துவந்தது.

முதல் தவறு வெயில். பகல் இரண்டு மணிக்கு முற்றத்தில் நின்ற வண்டியில் 80 பிஎஸ்ஐ வைத்தார்கள். மறுநாள் விடியலில் ஃபோர்க் தொளதொளத்தது. காற்று எங்கும் கசியவில்லை. குளிர்ந்த காற்றின் அழுத்தம் இறங்கும். 25 பாகையில் 80 பிஎஸ்ஐ இருக்கும் ஃபோர்க் 45 பாகையில் 86-ஐத் தொடும், திரும்பும்போது அதே கணக்கில் இறங்கும். அதன்பிறகு சவாரி கிளம்பும் காலை ஆறு மணிக்கு, நிழலில் மட்டும் அழுத்தம் பார்ப்பது வழக்கமானது.

இரண்டாவது தவறு பெரியது. 92 கிலோ ஆள் ஓட்டிய வண்டியை 55 கிலோ ஆளுக்கு மாற்ற, இளைஞர் வால்வை அழுத்தி 95-லிருந்து 54-க்கு ஒரே மூச்சில் காற்றை விட்டார். ஃபோர்க் பாதி அமிழ்ந்து அங்கேயே நின்றுவிட்டது, இழுத்தாலும் முழுதாக எழவில்லை. கெட்டுவிட்டது என்று பட்டறைக்கு வந்தது. ஏர் ஃபோர்க்கில் இரண்டு காற்றறைகள் உண்டு. ஒன்று மேலே தள்ளும், இன்னொன்று கீழே இழுக்கும். இரண்டும் சமமாக வேண்டுமானால் ஃபோர்க்கை அமுக்கி எழுப்ப வேண்டும், அப்போதுதான் நடுவிலுள்ள வழியில் காற்று கடக்கும். மேலறையை மட்டும் காலி செய்தால் கீழறை ஃபோர்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி 95 ஏற்றி, 20, 20 பிஎஸ்ஐயாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் பத்து முறை மெதுவாக அமுக்கி எழுப்பியதும் சரியானது. ஏற்றும்போதும் இதே முறைதான்.

ஷாக் பம்ப் குறித்து ஒரு சிறு விஷயம். பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘புஸ்’ குழாயிலுள்ள காற்று, ஃபோர்க்கில் உள்ளதல்ல. மறுபடி மாட்டினால் ஃபோர்க்கின் காற்று கொஞ்சம் குழாயை நிரப்பப் போவதால் அளவு குறைவாகக் காட்டும். இது தெரியாமல் ஒரு வாரம் தினமும் ‘குறைந்திருக்கிறது’ என்று காற்றை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது ரீபவுண்ட். ‘உதைக்கக் கூடாது’ என்பதே கவலையாக இருந்ததால் முதலில் மிக மெதுவாக வைத்தார்கள்: ரீபவுண்ட் குமிழ் முழுதும் மூடிய நிலையிலிருந்து 3 கிளிக். தார்ச் சாலையில் மெத்தைபோல இருந்தது. விலாவரிச் சரளையில் அரை கி.மீ. போவதற்குள் முன்பக்கம் தாழ்ந்து, கை பழையபடி நடுங்கியது. நொடிக்கு ஒன்பது அடி விழும் இடத்தில் ஃபோர்க் திரும்பி எழ அவகாசமே இல்லை. ஒவ்வொரு அடியிலும் இன்னும் கொஞ்சம் அமுங்கி, டிராவலின் அடிப்பாகத்திலேயே உட்கார்ந்துவிட்டது. போனை ஸ்டெம்மில் கட்டிப் படம் பிடித்ததில் இது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு இரண்டு கிளிக்காகத் திறந்து அதே அரை கி.மீ.யைத் திரும்பத் திரும்ப ஓட்டி நிறுத்திய இடம், 75 கிலோ ஆளுக்கு 8 கிளிக். காற்று கூடினால் ஸ்பிரிங் வேகமாகத் தள்ளும், ஆகவே கனத்தவருக்கு மூடிய நிலைக்கு நெருக்கமாக 6, மெலிந்தவருக்கு 10.

94 கிலோ விருந்தினர் கலுங்கில் இன்னும் அடி தட்டினார். காற்றை ஏற்றினால் சரளையில் இறுகுகிறது. காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசரைப் போட்டார்கள். அறையின் இடம் குறைவதால் டிராவலின் கடைசிப் பகுதியில் மட்டும் விறைப்பு ஏறும், தொடக்கம் மென்மையாகவே இருக்கும். அதற்குப்பின் வளையம் 92 மி.மீ.யில் நின்றது.

அழுத்தம் கடைசியில் இப்படி நிலைத்தது: 55 கிலோவுக்கு 54, 65-க்கு 64, 75-க்கு 75, 85-க்கு 86, 95-க்கு 97 பிஎஸ்ஐ. இது இந்த ஃபோர்க்குக்கு, இந்த ஸ்பேசரோடு மட்டும். வேறு ஃபோர்க்கில் இந்த எண்களை அப்படியே வைக்கக்கூடாது.

ஃபோர்க்கைப் பூட்டும் குமிழை விருந்தினர் சிலர் திருகிவிட்டு, பூட்டியபடியே கலுங்கில் இறங்கினார்கள். குமிழின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியதோடு அது தீர்ந்தது.

சீட் போஸ்ட்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 மி.மீ. இறங்கும் ஸ்பிரிங் போஸ்ட், ஃபிரேமின் 31.6 மி.மீ. குழாய்க்கு நேராகப் பொருந்தியது. இடுப்புக்கு நல்லது, பின் சக்கரத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆள் உட்கார்ந்ததும் 10 மி.மீ. இறங்குவதால் சீட்டை அந்த அளவு உயர்த்தி வைக்க வேண்டும். போஸ்ட்டின் குறைந்தபட்ச நுழைவுக் கோடு வெளியே தெரியக்கூடாது.

செம்மண்

ஏழாவது வாரத்தில் முதல் வண்டியின் ஃபோர்க் கரகரத்தது. ராக்‌ஷாக்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் ஃபோர்க்கின் கீழ்க்குழாய்ப் பராமரிப்புக்கு 50 மணி நேர ஓட்டத்தையும், டேம்பருக்கு 200 மணி நேரத்தையும் சொல்கிறார்கள். இங்கே ஓடியிருந்தது 44 மணி நேரம்தான். திறந்தபோது சீலுக்குக் கீழுள்ள பஞ்சு வளையம் செங்கல் நிறமாயிருந்தது, எண்ணெய் கலங்கித் தண்ணீர் கலந்திருந்தது. தண்ணீர் எப்படி வந்தது என்று விசாரித்ததில், வாரம் ஒருமுறை இரண்டு வண்டியையும் வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பியது தெரிந்தது. பைக் கழுவும் அழுத்தக் குழாயின் வீச்சு சீலைத் தாண்டி மண்ணையும் தண்ணீரையும் உள்ளே தள்ளும், மோட்டார் கனெக்டருக்கும் அதே கதி.

பஞ்சு வளையத்தை மாற்றி, எண்ணெயில் ஊறவைத்து, கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் ஊற்றி மூடினார்கள். கிரீஸைக் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும், அதிகமானால் இரு காற்றறைகளுக்கும் இடையிலுள்ள வழி அடைபடும். இப்போது ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பராமரிப்பு இடைவெளி 40 மணி நேரம்.

விளைவு

புது டயரும் ஏர் ஃபோர்க்கும் ஏறிய முதல் வண்டியில் 58 கிலோ ஆளுக்கு டிராவல் பயன்பாடு 78 மி.மீ., 92 கிலோ ஆளுக்கு 90. இரண்டாம் வண்டியில் மெல்லிய ஸ்பிரிங்கோடு 58 கிலோ ஆளுக்கு 71. பின் சக்கரங்களில் மார்ச் முதல் ஜூலை வரை ஸ்போக் அறவில்லை, ரிம் கடிக்கவில்லை. அதற்குக் காரணம் டயர் மட்டுமே.

எதிர்பாராதது, 65 கிலோவுக்குள் உள்ளவர்கள் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் சொல்லத் திணறியது. பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது பாதிப் பேர் இரண்டாம் வண்டியே மேல் என்றார்கள். 75 கிலோவுக்கு மேலானவர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை, எல்லோரும் முதல் வண்டியைத்தான் கேட்டார்கள். 38,500 ரூபாய் யாருக்குப் பலன் தந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மறுபடி செய்தால்

முதல் நாளே பழைய ஃபோர்க்கைப் பிரித்துத் துடைத்து, டயரை மாற்றி, இரண்டு வாரம் ஓட்டிய பிறகே புது ஃபோர்க் பற்றிப் பேசியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றியதால், முதல் வண்டியின் முன்பக்கத்தில் டயரின் பங்கு எவ்வளவு, ஃபோர்க்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வண்டி இருந்ததால்தான் ஓரளவாவது தெரிந்தது.

ஹெட்செட் அளவை ஃபோர்க் விலை பார்ப்பதற்கு முன்பே எடுத்திருக்கலாம். 120-ஆ 100-ஆ என்று நடந்த வாதம் வெர்னியர் வைத்த ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அழுத்தப் பட்டியலும் முதல் நாளே தேவைப்பட்டது. இப்போது அது லாமினேஷன் போட்டு வண்டி நிறுத்தும் பட்டாலைத் தூணில் தொங்குகிறது, பக்கத்தில் எடை பார்க்கும் மெஷின். தங்கள் எடையைச் சொல்லத் தயங்கும் விருந்தினர்கள் ஏறி நின்று, எண்ணை இளைஞரிடம் மட்டும் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் வண்டிக்கும் ஏர் ஃபோர்க் வாங்குவதா என்ற கேள்வியை விடுதி தள்ளிவைத்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் இரண்டு ஃபோர்க்குக்கும் சீல் மாற்ற கிட் வாங்கி வைத்தாயிற்று.